லாபம் காட்டிய கடைகள்தான் முதலில் மூடின

கடை போடப் போகிறேன் என்று வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, இப்போது எந்த வியாபாரம் ஓடும் என்பதுதான். நான் கொழும்பில் கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தைப் பக்கத்துச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். பலசரக்கு, துணி, சாப்பாட்டுக் கடை, போன் திருத்துகிற கடை, பேக்கரி, தையல் கடை என்று கலவையான கூட்டம். பெரிய கணக்காய்வாளர் எல்லாம் இல்லை. சொப்பிங் பையில் பில்லுகளைத் திணித்துக் கொண்டுவந்து மேசையில் கொட்டுவார்கள், அதை அடுக்கி, வரிக்கும் வங்கிக்கும் காட்டுகிற மாதிரி ஆக்கிக் கொடுப்பது என் வேலை. இதில் ஒரு வசதி உண்டு, ஒரு கடை படுக்கப் போவது முதலாளிக்குத் தெரிவதற்கு முன்பே பல நேரம் எனக்குத் தெரிந்துவிடும். எந்த வியாபாரம் ஓடும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. எந்தக் கடை எப்படிப் படுக்கும் என்று கேட்டால் விடிய விடியச் சொல்லலாம்.

ஒரு வீண் பயத்தை முதலில் இறக்கி வைத்துவிடலாம். பத்துக் கடை திறந்தால் ஒன்பது முதல் வருடமே மூடிவிடும் என்று ஒரு கதை உலாவுகிறது, சாப்பாட்டுக் கடை என்றால் கேட்கவே வேண்டாம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிபரப் பணியகம் புதிதாகத் திறக்கும் வியாபாரங்களை வருடா வருடம் பின்தொடர்ந்து எண்ணுகிறது. அதன்படி முதல் வருடத்துக்குள் போவது ஏறத்தாழ 5ல் 1. 5 வருடம் ஆகும்போது பாதி போய்விடுகிறது, 10 வருடம் தாண்டி நிற்பது 3ல் 1 அளவு. சாப்பாட்டுக் கடைகளை மட்டும் எடுத்து ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் செய்து 2005ல் வெளிவந்த ஆய்வில்கூட முதல் வருடம் போனது 26 சதவீதம் அளவுதான், மூன்று வருடத்தில்தான் அது 60ஐ நெருங்கியது. அது அவர்கள் ஊர்க் கணக்கு, சரி. ஆனால் நான் இங்கே பார்ப்பதும் அப்படித்தான், முதல் வருடத்தில் பெரிய ஆபத்து இல்லை. கையில் போட்ட முதல் இருக்கும், மாமனார் தந்த காசு இருக்கும், சொந்தக்காரர் தேடிவந்து வாங்குவார்கள், கடைக்காரருக்கும் உற்சாகம் இருக்கும். இரண்டாம் மூன்றாம் வருடத்தில்தான், வியாபாரம் நடக்குது ஆனா காசைக் காணேல்லை என்று வந்து உட்காருவார்கள்.

இன்னொன்று. மூடின கடையெல்லாம் தோற்ற கடை இல்லை. காலி வீதியில் ஷட்டர் இறங்கியிருப்பதைப் பார்த்ததும் "பாவம், ஆள் விழுந்திட்டார்" என்பார்கள், அந்த ஆள் டொரோண்டோவில் மகளோடு இருப்பார். வாடகை ஒப்பந்தம் முடிந்தது, பிள்ளைகளுக்குக் கடையில் விருப்பமில்லை, விசாவும் வந்துவிட்டது, அவ்வளவுதான். அமெரிக்காவில் 2003ல் வந்த ஓர் ஆய்விலும் மூடிய வியாபாரங்களில் ஏறத்தாழ 3ல் 1, மூடும்போது நல்லபடியாகவே இருந்தது என்று அதன் சொந்தக்காரர்களே சொல்லியிருந்தார்கள். ஆகவே பக்கத்துக் கடை மூடியதை வைத்து இந்த ரோட்டில் வியாபாரம் இல்லை என்றும் முடிவுகட்ட வேண்டாம், அந்த இடம் ராசியில்லாதது என்றும் சொல்ல வேண்டாம். ஏன் மூடினார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பக்கத்து தேத்தண்ணிக் கடையில் உண்மை கிடைக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2022ல் நான் கணக்கெழுதிய கடைகளில் முதலில் தடுமாறியவை நட்டத்தில் ஓடிய கடைகள் இல்லை. கொப்பியில் அதுவரை காணாத லாபம் காட்டிய கடைகள். இதை நம்ப வைப்பது கஷ்டம், அதனால் ஒரு கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

ஒரு பக்கெட் 100 ரூபாவுக்கு 1,000 பக்கெட் வாங்கினார் என்று வையுங்கள், ஒரு இலட்சம் முதல். 125க்கு விற்றார். லாபம் 25,000, கணக்குக் கொப்பியில் அழகாக இருக்கிறது. அதில் வீட்டுச் செலவுக்கு 20,000 எடுத்தார், அதிலும் தப்பில்லை. மிச்சம் 1,05,000. திரும்ப வாங்கப் போனால் பக்கெட் 190. 550 பக்கெட்தான் வருகிறது. அதை 240க்கு விற்றால் மறுபடியும் லாபம், முன்னதைவிடப் பெரிய லாபம்! அடுத்த முறை விலை 260. ஒவ்வொரு சுற்றிலும் கொப்பி லாபம் என்கிறது, இறாக்கை காலியாகிக்கொண்டே போகிறது. 2022 மார்ச் 7ம் திகதி மத்திய வங்கி ரூபாவைப் பிடித்து வைத்திருந்த கையை விட்டதும், 200 சொச்சத்தில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பொருளுக்கு மட்டும் 94.9. அந்த மாதிரிக் காலத்தில், வாங்கின விலைக்கு மேல் இவ்வளவு வைத்து விற்றேன் என்கிற கணக்குக்கு அர்த்தமே இல்லை. நாளைக்கு இதே சாமானை என்ன விலைக்கு வாங்குவேன் என்பதுதான் கேள்வி.

விலையை ஏற்றி விற்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். பக்கெட்டில் அச்சடித்த விலைக்கு மேல் விற்றால் நுகர்வோர் விவகார அதிகார சபை வழக்குப் போடும், தண்டம் விழும். பழைய விலை அச்சடித்த சாமானைப் பழைய விலைக்கே விற்றுத் தீர்த்துவிட்டு, புது விலையில் வாங்க வேண்டும். கொட்டாஞ்சேனையில் ஒரு பலசரக்குக்காரர் இதை மற்றவர்களுக்கு முன்னமே பிடித்துக்கொண்டார். பிஸ்கட், சோப், பால்மா என்று பெட்டியில் வருகிறதைக் குறைத்தார், பருப்பு, செத்தல் மிளகாய், கடலை, மல்லி என்று நிறுத்து விற்கிற சாமானில் காசைப் போட்டார். அதில் அச்சடித்த விலை இல்லை, சந்தையோடு சேர்ந்து ஏறும் இறங்கும். வீட்டுச் செலவுக்கு எடுக்கிற காசையும் அவர் லாபத்தைப் பார்த்து எடுக்கவில்லை, வெள்ளிக்கிழமை இரவு இறாக்கையைப் பார்த்து எடுத்தார். போன வாரம் எத்தனை மூட்டை நின்றதோ அத்தனை மூட்டை இந்த வாரமும் நிற்க வேண்டும், அதற்கு மேல் லாச்சியில் இருப்பதுதான் வீட்டுக்கு. படித்த படிப்பு எட்டாம் வகுப்பு. அவருக்குக் கணக்கு எழுதிக் கொடுக்க எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

இரண்டாவது, செக். புறக்கோட்டையை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நான்காம் குறுக்குத் தெருவில் சீனி, பருப்பு, வெங்காயம் எடுத்தாலும் சரி, கெய்சர் வீதியில் துணி எடுத்தாலும் சரி, சாமானை இன்றைக்கு ஏற்றிக்கொண்டு 30 நாள், 60 நாள், சில இடத்தில் 90 நாள் தள்ளித் திகதி போட்ட செக்கைக் கொடுப்பது பழக்கம். ஒரு கடையில் மேசைக்குப் பின்னால் முருகன் படம் போட்ட கலண்டர் ஒன்று தொங்கும். செக் பாஸாக வேண்டிய திகதிகளைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, உள்ளே தொகையை எழுதி வைத்திருப்பார். மாதத்தில் நாலு வட்டம் இருந்தது ஆறாகி, பத்தாகி, ஒரு கட்டத்தில் முருகனைத் தவிர மற்ற இடமெல்லாம் சிவப்பு. விற்பனை கூடியிருக்கிறது என்று அவர் சொன்னார், உண்மையும்தான். ஆனால் கடையில் நின்ற சாமானும் வெளியே நின்ற கடனுமாக இருந்த 18 இலட்சத்தில் 14 இலட்சம் புறக்கோட்டைக்காரருடைய காசு. அவருடைய முதல் என்று இருந்தது மிச்ச நாலுதான், அதிலும் பாதி வாடிக்கையாளர்களின் கடன் கொப்பியில் கிடந்தது.

டொலர் ஏறின வாரத்தில் இறக்குமதிக்காரரால் எல்.சி. (வெளிநாட்டு விற்பனையாளருக்கு வங்கி தருகிற கடனுறுதிக் கடிதம்) திறக்க முடியவில்லை, துறைமுகத்தில் கொள்கலன்கள் தேங்கின. மொத்த வியாபாரிகள் ஒரே வாரத்தில் கடனை நிறுத்தினார்கள், கைக்காசுக்கு மட்டும்தான் சாமான். நம்ம ஆள் தனக்குச் சாமான் தருகிற மொத்த வியாபாரியிடம் போய், "நானா, பத்து வருசப் பழக்கம்" என்று சொல்லிப் பார்த்தார். "பழக்கத்துக்கு வங்கியில டொலர் தாறாங்க இல்லையே மகன்" என்று பதில் வந்தது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. பழைய செக்குகள் வரிசையாகப் பாஸாக வந்துகொண்டிருக்கின்றன, புதுச் சாமானுக்குக் கைக்காசு வேண்டும், இரண்டுக்கும் ஒரே லாச்சி. விற்பனையில் குறையே இல்லாத கடை ஒன்றரை மாதத்தில் படுத்தது.

இதற்குப் பிறகு யார் வந்தாலும் நான் பார்க்கிற முதல் எண், இன்றைக்கு ஷட்டரைப் பூட்டினால் கையில் இருக்கிற காசு எத்தனை நாள் செலவுக்குத் தாங்கும் என்பதுதான். வாடகை, சம்பளம், கரண்ட், வர இருக்கிற செக், வட்டி எல்லாவற்றையும் கூட்டி முப்பதால் வகுத்தால் ஒரு நாள் செலவு. கையிலும் வங்கியிலும் இருக்கிறதை அதால் வகுத்தால் நாட்கள். ஜே.பி.மோர்கன் சேஸ் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு 2016ல் அமெரிக்காவில் ஏறத்தாழ 6 இலட்சம் சின்ன வியாபாரங்களின் வங்கிக் கணக்குகளைப் பார்த்தது. நடுவில் நிற்கிற ஒரு வியாபாரத்துக்குக் கைவசம் இருந்தது 27 நாள் காசு, சாப்பாட்டுக் கடைகளுக்கு 16 நாள். அங்கேயே அப்படி என்றால் இங்கே ஒரு வாரம் தாங்குகிற கடைகள் எத்தனையோ. 2020 மார்ச் 20ல் ஊரடங்குச் சட்டம் போட்டபோது யாருக்கும் ஒரு வாரம் முன்னால் அறிவிப்பு வரவில்லை. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு புறக்கோட்டைக்கு ஆள் வராமல் இருந்ததும் அப்படித்தான். நோன்புப் பெருநாளுக்கு என்று துணி இறக்கி வைத்திருந்தவர்கள் அந்த வருடம் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. நான் என் ஆட்களிடம் 45 நாள் என்கிறேன். முடியாது என்பார்கள். சரி, 20ல் தொடங்குங்கள். அந்தக் காசு மனைவி பெயரில் நிலையான வைப்பில் கிடக்கட்டும், சாமான் மலிவாக வருகிறது என்று யார் சொன்னாலும் அதைத் தொடக்கூடாது.

கரண்ட் கதை தனி. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்வெட்டு. ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் அதன் மேல் இன்னொரு 66. எனக்குத் தெரிந்த இரண்டு பேக்கரிகள், நடந்து போகிற தூரம்தான் இரண்டுக்கும் இடையில். ஒருவர் கடன் எடுத்து மின்சாரப் போறணை, கண்ணாடி ஷோகேஸ், ஏசி எல்லாம் போட்டிருந்தார். மற்றவர் அப்பா காலத்து விறகுப் போறணையை இடிக்க மனம் வராமல் விட்டிருந்தார், சோம்பல் என்றுதான் எல்லாரும் சொன்னோம். மின்வெட்டு வந்ததும் விடிய நாலு மணிக்குப் பாண் அவரிடம் மட்டும்தான். முட்டைத் தட்டுப்பாடு வந்தபோது (2023 மார்ச்சில் இந்தியாவில் இருந்தே முட்டை இறக்கினார்கள்) கேக்கை நிறுத்திவிட்டு பாண், பணிஸ், மாலு பாண் மூன்றோடு ஓட்டினார். இதில் அவருடைய கெட்டித்தனம் பாதி, அதிர்ஷ்டம் பாதி. தப்பிப் பிழைத்தவரிடம் காரணம் கேட்டால் தன் கெட்டித்தனத்தை மட்டும்தான் சொல்வார், அதைக் கேட்டு நாளைக்கு விறகுப் போறணை கட்டப் போகாதீர்கள். அவரிடம் கவனிக்க வேண்டியது வேறு: மாதா மாதம் கட்டியே ஆகவேண்டிய செலவு அவருக்குக் குறைவாக இருந்தது, அதனால் கடையைச் சின்னதாக்க முடிந்தது. மற்றவரால் சின்னதாக்க முடியவில்லை, ஷோகேஸ் பாதி காலியாக இருந்தாலும் லீசிங் தவணை முழுதாகத்தானே வரும்.

வட்டியும் அந்த நேரம் பார்த்துத்தான் குதித்தது. 2022 ஏப்ரல் 8ல் மத்திய வங்கி ஒரே அடியில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. ஓவர்ட்ராப்ட் வைத்திருந்தவர்களுக்கு வருட முடிவில் வட்டி 30ஐத் தாண்டியது. சின்னக் கடைக்குள்ளே 30 சதவீத வட்டியைச் சமாளிக்கிற லாபம் எதிலும் இல்லை, நான் பார்த்தவரை இல்லை. செக்கை மாற்றித் தருகிறவர்களிடம் மாதம் 100க்கு 4 என்று வாங்குவதும் அதே கதைதான், வருடத்துக்கு 48 என்று கூட்டிப் பார்க்காததால் சின்னதாகத் தெரிகிறது. அந்தக் காலத்தில் பல கடைகளைத் தூக்கி நிறுத்தியது அலமாரியில் இருந்த நகைதான். பவுண் விலை ஏறியதால் அதே சங்கிலிக்கு அடைவு கடையில் கூடக் காசு கிடைத்தது. அதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நகையை வைத்து எடுத்த காசு பழைய செக்கை அடைக்கப் போனதா, விற்கிற சாமான் வாங்கப் போனதா என்று பாருங்கள். பழையதை அடைக்கப் போன நகை திரும்பி வந்ததை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

வீட்டை மட்டும் வைக்காதீர்கள். பராட்டே சட்டத்தின் கீழ் வங்கி நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை ஏலத்தில் விடலாம். 2024ல் அதைத் தற்காலிகமாக நிறுத்தி, பிறகு 2025 மார்ச் 31 வரை நீட்டினார்கள், அந்த மூச்சு விடுகிற நேரத்தில் சிலர் வங்கியோடு பேசித் தவணையை மாற்றிக்கொண்டார்கள். அரசாங்கம் இன்னும் நீட்டும் என்று சும்மா இருந்தவர்களும் உண்டு. வங்கியோடு பேசுவதென்றால் தவணை தவறுவதற்கு முன்னால் போங்கள், கடன் தகவல் பணியகத்தின் கிரிப் அறிக்கையில் கறை விழுந்த பிறகு கதவு அவ்வளவு லேசில் திறக்காது.

கீ மணி, அதாவது கடை எடுக்கும்போது வீட்டுக்காரருக்குக் கொடுக்கிற முற்பணம், பற்றி ஒரே ஒரு சொல். அது உங்கள் காசு என்று ஒப்பந்தத்தில் இருக்கும், ஆனால் மூடும் நாளில் அது கையில் வரும் என்று கணக்குப் போடாதீர்கள். ஆறு மாத வாடகையை அதில் கழிப்பது என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். வீட்டுக்காரர் லண்டனில் இருந்தால் கட்டாயம்.

நெருக்கடியிலும் நன்றாக ஓடியவை திருத்துகிற தொழில்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில், இடையில் ஐந்து வருடம் பழைய வாகனத்தை வைத்தே நாடு ஓடியது, பஞ்சிகாவத்தையில் பழைய பாகம் விற்றவர்களுக்கு வேலை ஓயவில்லை. போன் திருத்துகிற தம்பி ஒருவர் கொவிட்டுக்கு முன்னால் கவர், சார்ஜர் விற்பதுதான் வருமானம், திருத்துவது சும்மா பேருக்கு என்று சொல்லுவார். புதுப் போன் விலை எட்டாமல் போனதும் அது தலைகீழாக மாறியது. தையல்கார அக்காவுக்கும் அப்படித்தான், புது பிளவுஸ் ஓடர் குறைந்தது, பழசை இறுக்கவும் தளர்த்தவும் சிப் மாற்றவும் ஆள் வந்துகொண்டே இருந்தது. அவர் மெஷினையும் மேசையையும் வீட்டு முன் அறைக்கு மாற்றினார், வாடகைக் கடையை விட்டார். பாதி வாடிக்கை போய்விடும் என்று பயந்தார், போனது கொஞ்சம்தான். எல்லாரிடமும் வட்ஸ்அப் இருக்கிறதே.

வற் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமாகி, பதிவு செய்ய வேண்டிய எல்லையும் வருடத்துக்கு 8 கோடியில் இருந்து 6 கோடியாக இறங்கியது. கையில் நிற்பது சொற்பம் என்றாலும் கணக்குப் பார்ப்பது மொத்த விற்பனையை, அதனால் நாங்கள் எல்லாம் சின்னக் கடை என்று இருந்த சிலர் திடீரென்று உள்ளே வந்தார்கள். வாடிக்கையாளரிடம் வாங்கும் வற் காசு உங்களுடையது இல்லை, வேறு கணக்கில் போடுங்கள். ஊழியர் சேமலாப நிதியும் அதே மாதிரி, சம்பளத்தில் 100க்கு 12 உங்கள் பங்கு, 8 அவர்கள் சம்பளத்தில் பிடித்தது, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் கட்டுவது இன்னொரு 3. கஷ்டகாலத்தில் முதலில் தள்ளிப்போடுவது இதைத்தான், கடை மூடின பிறகும் துரத்தி வருவதும் இதுதான், மேலதிகக் கட்டணத்தோடு.

கடைசியாக, மூடுவது. இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. மூடலாமா என்ற கேள்வி வந்த பிறகும் எட்டு மாதம் ஒரு வருடம் இழுப்பார்கள், அந்த இழுபறியில்தான் மிச்சமும் போகும். இரண்டு காலாண்டு தொடர்ந்து வீட்டுக் காசு கடைக்குள் போகிறதென்றால் பேச்சைத் தொடங்கிவிடுங்கள். சித்திரைக்கும் தீபாவளிக்கும் முன்னால்தான் சாமானை நல்ல விலைக்குத் தள்ள முடியும், தை பிறந்த பிறகு யாரும் வாங்கமாட்டார்கள், அதைப் பார்த்து நாளைக் குறியுங்கள். கொடுத்து வைத்த செக்குகளுக்குக் காசில்லை என்றால் திகதி வருவதற்கு முன்னால் நேரில் போய்ச் சொல்லுங்கள், போனில் வேண்டாம். திரும்பின செக் சட்டப்படி குற்றமாகவும் ஆகலாம், அதைவிடப் புறக்கோட்டையில் ஒரு தெருவில் நடந்தது மத்தியானத்துக்குள் அடுத்த தெருவுக்குத் தெரியும். வேலைக்கு நின்றவர்களின் சம்பளத்தையும் சேமலாப நிதியையும் முதலில் தீருங்கள், அதன்பிறகு சாமான் தந்தவர்கள், கடைசியில் வங்கி. வங்கி காத்திருக்கும், அதற்கு வட்டி இருக்கிறது. பிறகு வற் பதிவு இருந்தால் அதை இரத்துச் செய்து, வரிக் கோப்பை முடித்து, வியாபாரப் பெயர்ப் பதிவை நிறுத்தியதாக அறிவித்து, மாநகர சபை அனுமதியையும் மின்சாரக் கணக்கையும் உங்கள் பெயரில் இருந்து எடுத்துவிடுங்கள்.

முருகன் கலண்டர்க்காரர் இப்படித்தான் செய்தார். சாமானில் பாதியை எடுத்தவர்களிடமே திருப்பிக் கொடுத்தார், மிச்சத்துக்கு மாதம் இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தார், ஒரு வருடத்துக்கு மேல் ஆட்டோ ஓட்டிக் கட்டினார். 2024ல் கிராண்ட்பாஸ் பக்கம் முன்னதில் பாதி அளவில் ஒரு கடை எடுத்திருக்கிறார். அதே நானா முதல் லோட்டைக் கடனுக்கு அனுப்பத் தயார் என்றாராம். இவர்தான் பாதிக் காசைக் கையில் கொடுத்து, மிச்சத்துக்கு ஒரே ஒரு செக் எழுதினார், 14 நாள்.